முதியோர் பராமரிப்புக்கு அரசு தர வேண்டியது பணமா, ஆளா?

கீழவாசல்காரன்

படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளப் பொதுப் பணத்தைச் செலவிடுவது என்று ஒரு நாடு முடிவு செய்துவிட்டால், அதை எந்த வடிவில் கொடுப்பது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியபோது குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டது. வீட்டாரே பார்த்தால் மாதாமாதம் பணம். நிறுவனத்து ஆள் வந்து பார்த்தால் அந்தப் பணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மதிப்புள்ள சேவை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2000 ஏப்ரலில், ஜப்பான் இதேபோன்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஜெர்மனியைக் கூர்ந்து படித்த பிறகும், பணம் கிடையாது, சேவை மட்டும்தான் என்று சட்டம் எழுதியது.

இரண்டுக்கும் இப்போது கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. ஆய்வுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? அங்கே வசிப்பவர்கள் கண்ணால் பார்த்தது என்ன? "நம் பண்பாட்டில் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள்" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகலாம். அந்தப் பிள்ளைகள் யார், எந்த வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

எடோகவாக்காரன்

நீங்கள் விரட்டுகிற அந்த வாசகம் நான் வசிக்கும் ஜப்பானிலும் ஒலித்தது. 1999 இறுதியில், திட்டம் தொடங்கச் சில மாதங்களே இருக்கும்போது, ஆளுங்கட்சியின் கொள்கைக் குழுத் தலைவராக இருந்த கமெய் ஷிசுகா, பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கும் அழகிய வழக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று கொடி பிடித்தார். விளைவாக 65 வயதைக் கடந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் சந்தா தள்ளுபடி, அடுத்த ஓராண்டுக்குப் பாதிச் சந்தா. ஆனால் சட்டத்தின் உள்ளடக்கம் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் பெண்கள். ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் தொண்ணூறுகள் முழுக்க ஒரே வாதத்தை வைத்தார்கள்: பணமாகக் கொடுத்தால் அது மருமகளைக் கட்டிலோடு கட்டிப்போடும் கயிறு. மாமனார் கையில் பணம் வரும், "அதுதான் அரசு கொடுக்கிறதே" என்று சொல்வார்கள், அவள் வேலைக்குப் போகும் வழி அடைந்துவிடும். நிதி அமைப்பு நோக்கில் பார்த்தவர்களுக்கும் பணம் பிடிக்கவில்லை, ஏனென்றால் சேவை நிறுவனங்கள் வளர வேண்டுமானால் அவற்றுக்கு வாடிக்கையாளர் வேண்டும். இரண்டு தரப்பும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே இடத்தில் வந்து நின்றன.

நடைமுறை இப்படி. 40 வயதானால் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி சந்தாவிலிருந்து, பாதி வரியிலிருந்து. நகராட்சிதான் காப்பீட்டாளர். விண்ணப்பித்தால் ஓர் ஆள் வந்து 74 கேள்விகள் கேட்பார், கணினி ஒரு நிலையைச் சொல்லும், மருத்துவர் கருத்தோடு ஒரு குழு அதை உறுதி செய்யும். மொத்தம் ஏழு நிலைகள். சொத்து எவ்வளவு, மகன் இருக்கிறானா என்று அந்த 74இல் ஒரு கேள்வியும் கிடையாது. பயனாளி கையிலிருந்து பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும், வருமானம் கூடுதலானவர்களுக்கு இரண்டு பங்கு, மூன்று பங்கு.

என் குடியிருப்புக்கு எதிரே ஒரு முதியவர். காலையில் பகல்நேர மையத்தின் வெள்ளை வேன் வரும். பின்கதவில் சக்கர நாற்காலியை ஏற்றும் மேடை இறங்கும். ஏற்றுவதற்கு முன் உதவியாளர் காய்ச்சல் பார்ப்பார், மனைவி கையில் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொள்வார். மாலையில் அது திரும்பி வரும்போது குளித்தது, மதியம் எவ்வளவு சாப்பிட்டார், மலம் கழித்தாரா என்று எல்லாம் எழுதியிருக்கும். அந்த அம்மாள் பகலில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு, குளியல் தொட்டியைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து அறையிலேயே பொருத்திக் குளிப்பாட்டும் வண்டியும் உண்டு. ஒரு நர்ஸோடு சேர்த்து மூன்று பேர் வருவார்கள்.

செல்வி (டோர்ட்முண்ட்)

தம்பி சொன்ன கயிறு ஜேர்மனியில் என் இடுப்பில் இருக்கிறது. ஆனாலும் நான் பணத்தின் பக்கம்தான். காரணம் சொல்கிறேன்.

என் மாமிக்குப் பராமரிப்புத் தரம் 3, அதாவது தேவையின் அளவைக் காட்டும் ஐந்து படிகளில் மூன்றாவது. சேவையாக எடுத்தால் 2025 கணக்கில் மாதம் 1,497 யூரோ வரை நிறுவனத்துக்குப் போகும். பணமாக எடுத்தால் 599 யூரோ. பாதிகூட இல்லை. இரண்டையும் கலந்தும் எடுக்கலாம்: சேவையில் நாற்பது வீதம் பயன்படுத்தினால் பணத்தில் அறுபது வீதம் வரும். நாங்கள் முதலில் முழுச் சேவைதான் எடுத்தோம். காலையில் ஒரு பிள்ளை வந்து மாமியைக் கழுவும். நல்ல பிள்ளை, ஆனால் அதற்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் முகம் மாறியது. மாமிக்கு டொச் (ஜேர்மன் மொழி) தெரியாது, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் சட்டையைக் கழற்றுவதற்கு அவர் மறுத்துவிடுவார். உடம்பு கழுவாமலே அந்தப் பிள்ளை கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். பிறகு நான்தான் கழுவுவேன். அந்த வேலையை எப்படியும் நான்தான் செய்யப்போகிறேன் என்றால் காசு ஏன் நிறுவனத்துக்குப் போக வேண்டும்?

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாகப் பிரித்துப் பத்து மணி நேரமாவது வீட்டில் பராமரிப்பவர், வெளியே முப்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதவர் என்றால், அவருடைய ஓய்வூதியக் கணக்குக்குப் பராமரிப்புக் காப்பீடே பணம் கட்டும். நான் பாதிநேர வேலைக்கு இறங்கியபோது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். ஜப்பானில் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஏதாவது உண்டா?

மதிப்பீட்டு நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். காப்பீட்டின் மருத்துவச் சேவையிலிருந்து ஒருவர் வந்தார். அதுவரை கட்டிலை விட்டு எழும்ப என் தோளைப் பிடிக்கிற மாமி, அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட முயன்றார். "தனியாகக் குளிப்பீர்களா?" என்று கேட்டால் "ஓம்". "உடுப்பு மாற்றுவீர்களா?" "ஓம், எல்லாம் நானே." வந்தவர் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். மாமியை அவர் முன்னாலேயே பொய்காரி ஆக்க முடியுமா? கிடைத்தது தரம் 2. மறுப்புக் கடிதம் எழுதித்தான் 3க்கு ஏற்றினோம்.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு வரவு செலவு பார்ப்போம்.

ஜெர்மனியில் 2023 இறுதியில் ஏறக்குறைய 57 லட்சம் பேர் இந்தக் காப்பீட்டின் கீழ் பராமரிப்புத் தேவை உள்ளவர்கள் என்று கணக்கிடப்பட்டார்கள். அதில் 31 லட்சம் பேரை முதன்மையாக உறவினர்களே பார்க்கிறார்கள், பணம் மட்டும் வாங்கிக்கொண்டு. சகோதரி சொன்ன 599க்கும் 1,497க்கும் உள்ள இடைவெளியை 31 லட்சத்தோடு பெருக்கிப் பாருங்கள். எல்லாத் தரத்துக்கும் இதே இடைவெளி இல்லைதான், இருந்தாலும் காப்பீட்டு நிதி இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் வீட்டுப் பெண்கள் மலிவு விலைக்கு உழைப்பதுதான் என்று புரியும். இதற்குத் தேர்வுரிமை என்று பெயர் வைத்தது சாமர்த்தியம்.

தொடக்கத்திலேயே அந்த நாட்டில் செலவை யார் தலையில் கட்டுவது என்று பெரிய சண்டை நடந்தது. முதலாளிகள் பங்கை ஈடுகட்ட ஒரு மத விடுமுறை நாளையே ரத்து செய்தார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையை வைத்துக்கொண்டது. அதனால் அங்கே தொழிலாளர் கட்டும் பங்கு இன்றும் கூடுதல்.

ஜப்பான் வழி சுத்தமானது என்று நினைப்பவர்களுக்கு: 65 கடந்தவர்களின் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென். இப்போது 2024-26 காலத்துக்கு 6,225 யென். ஓய்வூதியத்திலிருந்து நேரடியாகப் பிடித்துவிடுகிறார்கள்.

அப்புறம், வீட்டாருக்குப் பணம் கொடுத்தால் அது முதியவருக்குத்தான் போகிறது என்று எப்படித் தெரியும்? நெதர்லாந்தில் தனிநபர் பட்ஜெட் கொடுத்து, மோசடிகள் பெருகி, கடைசியில் 2015இல் பணத்தைப் பயனாளி கணக்கில் போடுவதையே நிறுத்திவிட்டு அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பு வழியே கொடுக்கப் போனார்கள். அந்த மாற்றத்தில் உதவியாளர்களுக்குச் சம்பளம் போகாமல் பெரிய குழப்பம் ஆனது.

நடுநிசி நூலகம்

உறவினர் கையில் பணம் போனால் முதியவர் கதி என்ன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்தே சோதித்தார்கள். ஆர்கன்சாவில் 1998 டிசம்பரில் தொடங்கி, பிறகு நியூ ஜெர்சி, ஃபுளோரிடா. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் வீட்டு உதவிக்குத் தகுதி பெற்ற முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் நிறுவனத்து ஆள். இன்னொரு குழுவுக்கு மாதாந்தரத் தொகை. அதில் மகளையோ அண்டை வீட்டாரையோ சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கைப்பிடி, வாக்கர் போன்றவை வாங்கலாம்.

பணம் பெற்ற குழுவில் தேவை நிறைவேறாமல் கிடந்தவர்கள் குறைந்தார்கள், மனநிறைவு கூடியது, கீழே விழுதல், படுக்கைப் புண் போன்ற பாதிப்புகள் அதிகரிக்கவில்லை. பார்த்துக்கொண்ட குடும்பத்தாரின் உடல், மனச் சோர்வும் குறைந்தது. செலவு? ஆர்கன்சாவில் வீட்டு உதவிச் செலவு ஏறியது. ஆனால் ஏறிய காரணத்தைப் பாருங்கள்: மறு குழுவினருக்கு ஒதுக்கப்பட்ட சேவையில் கணிசமான பகுதி வந்து சேரவே இல்லை, ஏனென்றால் அனுப்ப நிறுவனங்களிடம் ஆள் இல்லை. காகிதத்தில் உள்ள சேவையோடு பணத்தை ஒப்பிட்டால் பணம் தோற்கும். வாசலுக்கு உண்மையில் வந்த சேவையோடு ஒப்பிட வேண்டும்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தில் 2005-07இல் 13 உள்ளாட்சிகளில் இதேபோல் சீட்டுக் குலுக்கி, தனிநபர் பட்ஜெட்டைச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர். மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு வாழ்க்கைத் தரம் கூடியது. வயது குறைந்த, உடல் மாற்றுத்திறனாளிகள் தரமான உதவி கிடைத்தது என்றார்கள். முதியவர்களுக்கு மட்டும் மனநலம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் கீழே போனது. பட்ஜெட் போடுவது, ஆள் தேடுவது, கணக்கு வைப்பது எல்லாம் சுமையாகத் தெரிந்தன. முதியவர்கள் பெரும்பாலும் நெருக்கடி வேளையில்தான் உதவி கேட்டு வருகிறார்கள், இடுப்பு எலும்பு முறிந்து, துணை இறந்து. அந்த நேரத்தில் நீயே முதலாளியாகு என்றால்?

என் கணிப்பில், ஆர்கன்சாவையும் இங்கிலாந்தையும் பிரித்தது பணத்தின் அளவு அல்ல. ஆர்கன்சாவில் ஆலோசகர் ஒருவர் இருந்தார், சம்பளப் பட்டியல், வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் ஒரு கணக்கு அலுவலகம் பார்த்துக்கொண்டது, வேலைக்கு வைக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

சக்கரங்கள்

இவ்வளவு நேரமும் முதியவர், மருமகள், அரசு என்று மூன்று பேர்தான் பேசப்படுகிறார்கள். நான் திருச்சி. முதுகுத்தண்டுக் காயம், வயது முப்பதுகளில். எனக்கு வேண்டியது என்னைப் "பார்த்துக்கொள்ள" ஒருவர் இல்லை. நான் சொல்லும் நேரத்தில் என்னை எழுப்பி, நான் சொல்லும் உடையைப் போட்டுவிட்டு, அலுவலகத்துக்கு அனுப்ப ஓர் உதவியாள். அவரை நான் வேலைக்கு வைக்க வேண்டும், சரியில்லை என்றால் நான் நிறுத்த வேண்டும். அம்மாவை நிறுத்த முடியாது அல்லவா.

இங்கிலாந்தில் சேவைக்குப் பதில் பணம் கொடுக்கும் 1996 சட்டத்தைப் போராடிப் பெற்றவர்கள் மாற்றுத்திறனாளிகள். முதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் இடமே இல்லை, 2000இல்தான் நீட்டினார்கள். ஸ்வீடன் 1994லேயே, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தனி உதவியாள் பெறுவதைச் சட்ட உரிமையாக்கியது. ஜப்பான் பெண்கள் பணத்துக்கு எதிராக நின்ற அதே காலத்தில் எங்கள் ஆட்கள் பணத்துக்காக நின்றார்கள். இரண்டு தரப்பும் தப்பிக்க நினைத்தது ஒரே வீட்டிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும்.

எடோகவாக்காரர் ஒன்றை விட்டுவிட்டார். ஜப்பானில் மாற்றுத்திறனாளிக்குத் தனிச் சட்டம். குறைந்த வருமானக்காரர் என்றால் கட்டணம் இல்லை. 65 வயதானதும் முதியோர் காப்பீட்டுக்கு முன்னுரிமை என்று மாற்றிவிடுவார்கள். நேற்றுவரை இலவசமாக வந்த உதவிக்கு இன்று பத்து சதவீதம் கட்ட வேண்டும், நேரமும் குறையலாம். பிறந்தநாளில் ஊனம் மாறிவிடுமா? ஒகயாமாவில் ஒருவர் இதற்காக நகராட்சிமீது வழக்குத் தொடர்ந்து 2018இல் வென்றார்.

நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. அது வரும் நாளில் நான் மகிழ்ச்சியாகத்தான் இருப்பேன். ஆனால் இதை வைத்து ஆள் வைக்கலாம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். முழுநேர ஆயாவுக்கு ஒரு வாரச் சம்பளம்கூட வராது.

எடோகவாக்காரன்

65 வயதுச் சுவர் உண்மை. மறுக்கவில்லை.

செல்வி அக்கா கேட்டதற்கு: வீட்டில் பராமரிப்பவருக்கு ஜெர்மனியைப் போல் ஓய்வூதியச் சந்தா இங்கே இல்லை. சேவை மட்டும் கொடுத்தால் மருமகள் விடுதலை ஆகிவிடுவாள் என்ற கணக்கும் முழுதாகப் பலிக்கவில்லை. பராமரிப்புக்காக வேலையை விட்டவர்கள் 2022 கணக்கெடுப்பில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். லான்செட் இதழில் 2011இல் வந்த ஆய்வும், சேவைப் பயன்பாடு பெருகியது, குடும்பச் செலவு குறைந்தது, பராமரிப்பவர்களின் நலனில் மட்டும் பலன் கலவையானது என்றுதான் முடித்தது. வேன் காலையில் வருகிறது, மாலையில் போகிறது. இரவு இரண்டு மணிக்கு டயப்பர் மாற்ற வேன் வராது.

ஆள் பஞ்சம் வேறு. 2015இலிருந்து மலிவான அரசு மானிய முதியோர் இல்லங்களில் ஏழில் ஐந்தாவதான 'பராமரிப்பு நிலை 3'க்குக் கீழே உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. 2024இல் வீட்டுக்கு வந்து உதவும் சேவைக்கான அடிப்படைக் கட்டணத்தையே குறைத்தார்கள், ஆள் இல்லை என்று எல்லோரும் அலறிக்கொண்டிருக்கும்போது. அந்த முடிவை எடுத்தவர்கள் ஒரு நாளாவது சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் வாசி

இங்கிலாந்தில் இருந்துகொண்டு உங்கள் சண்டையைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. பணமா ஆளா என்று கேட்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே இங்கே வாசலில் நிறுத்திச் சொத்தைக் கேட்பார்கள். 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் உள்ளாட்சி உதவி இல்லை. அந்த எல்லையை 2010இலிருந்து தொடவே இல்லை, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. முதியோர் இல்லத்துக்குப் போனால், மனைவியோ கணவரோ சொந்த வீட்டில் வசிக்காத பட்சத்தில், பொதுவாக வீட்டின் மதிப்பும் கணக்கில் வரும்.

ஒருவர் வாழ்நாளில் கட்ட வேண்டியதற்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லி 2011இல் அரசு அமைத்த டில்நாட் குழு பரிந்துரைத்தது. 2014இல் சட்டமே வந்தது. 72,000 பவுண்ட் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், கைவிட்டார்கள். 2021இல் 86,000 என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் அதையும் கைவிட்டார்கள். இப்போது மறுபடி ஆராய கேஸி குழு, இறுதி அறிக்கை 2028க்குள். ஸ்காட்லாந்து 2002லேயே முதியவர்களுக்கு உடல் பராமரிப்பை இலவசமாக்கிவிட்டது, ஒரே தீவில் இருந்துகொண்டு.

ஒரு விதிவிலக்கு உண்டு. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களுக்கு, சொத்து பார்க்காமல், எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல் வாராவாரம் வரும் தொகை. 2025-26இல் 73.90 அல்லது 110.40 பவுண்ட். இந்த வட்டாரத்தில் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத நம் ஆட்களை எனக்கே தெரியும். உள்ளாட்சி தரும் நேரடிப் பணத்தில், கூடவே வசிக்கும் நெருங்கிய உறவினருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, தவிர்க்க முடியாது என்று உள்ளாட்சி ஒப்புக்கொண்டால் ஒழிய. அதாவது ஆர்கன்சாவில் எது வேலை செய்ததோ, அது இங்கே பொதுவாகத் தடை.

ஆள்? 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தார்கள், கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கடன் வாங்கி வந்தார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே மூடிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

நூலகத்தாரின் ஆர்கன்சா வாதத்தை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அங்கே பணம் வந்தது மகள் கைக்குச் சம்பளமாக. ஜெர்மனியில் அது நோயாளியின் கணக்குக்கு உதவித்தொகையாக வருகிறது, அவர் விரும்பினால் மருமகளுக்குக் கொடுக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. செல்வி சகோதரி, அந்த 599 யார் கணக்குக்கு வருகிறது?

செல்வி (டோர்ட்முண்ட்)

மாமியின் கணக்குக்கு. அதிலிருந்து என் கணவர் வீட்டு வாடகையில் போடுகிறார். நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டீர்கள், நானும் சொல்லிவிட்டேன்.

நடுநிசி நூலகம்

பராமரிப்பின் பலனை அளப்பதிலும், வீட்டில் பார்ப்பவரைக் கணக்கில் சேர்க்காத இதே ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவான அஸ்காட் அளவுகோல் எட்டு விஷயங்களைப் பார்க்கிறது: அன்றாட வாழ்வில் சொந்தக் கட்டுப்பாடு, சுத்தம், உணவு, பாதுகாப்பு, பிறரோடு பழகுதல், பொழுதைச் செலவிடும் விதம், வீட்டின் நிலை, கண்ணியம். உதவி இல்லாவிட்டால் உங்கள் நிலை எப்படி இருந்திருக்கும் என்றும் கேட்கும். நல்ல கருவி. பராமரிப்பவருக்கும் தனி வடிவம் பிறகு வந்தது. ஆனால் பெரும்பாலான செலவு மதிப்பீடுகளில் பெறுபவரின் மதிப்பெண்ணும் அரசின் செலவும்தான் ஒப்பிடப்படுகின்றன. வீட்டில் இருப்பவரின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று வைத்தால் பணம் எப்போதுமே மலிவாகத் தெரியும். செல்வி அக்காவின் பாதிச் சம்பளத்தை அந்தப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ரைன் கரை

புதியவன். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்டுட்கார்ட்டில் என் பெரியம்மாவின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள், எந்தத் தரமும் இல்லையாம். மறதி நோய். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

செல்வி (டோர்ட்முண்ட்)

புது விண்ணப்பம் போடாதீர்கள், காலம் வீணாகும். கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மறுப்பு எழுத வேண்டும். காரணம் எல்லாம் பிறகு அனுப்பலாம், முதலில் "ஏற்கவில்லை" என்று ஒரு வரி போய்ச் சேரட்டும். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி கடிதத்தோடு வந்திருக்காவிட்டால் அதையும் கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் புள்ளிகளைப் பாருங்கள். 12.5 இருந்தால் தரம் 1, 27 என்றால் 2. 2017க்கு முன் கழுவ எத்தனை நிமிடம், ஊட்ட எத்தனை நிமிடம் என்று எண்ணினார்கள், மறதி நோய்க்காரர் அதில் அடிபட்டுப் போவார். இப்போது நினைவாற்றல், நடத்தை இரண்டுக்கும் தனிப் பகுதி உண்டு. இரவில் எழுந்து கதவைத் திறப்பது, அடுப்பை மறப்பது, மாத்திரையைத் துப்புவது எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதமும் வேண்டும்.

மறுபடி ஆள் வரும்போது கட்டாயம் வீட்டில் ஒருவர் நில்லுங்கள். பெரியம்மா எல்லாம் தனக்கு முடியும் என்றுதான் சொல்லப்போகிறார். அவர் முன்னால் மறுத்துப் பேச முடியாவிட்டால், வந்தவரை வாசல்வரை வழியனுப்பும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.